"பனி எங்கயும் போயிடாது"னு நான் சொன்னது தப்பு



மூணு வருஷத்துக்கு முன்னாடி நம்ம சேனல்ல ஒரு கேள்வி-பதில் வீடியோ போட்டேன். அதுல ஒரு தம்பி கேட்டிருந்தார். அப்போ அவருக்கு வயசு 26. சென்னையில வேலை, கைக்கு வர்ற சம்பளம் 34,000. ஷேரிங் ரூம் வாடகை 7,000, வீட்டுக்கு அனுப்புறது 10,000. கடன் எதுவும் இல்ல. கேள்வி இதுதான்: "அண்ணா, பனி விழறதை ஒரு தடவையாவது நேர்ல பாக்கணும்னு சின்ன வயசுல இருந்தே ஆசை. காஷ்மீர் பேக்கேஜ் ஒண்ணு 45,000. பன்னெண்டு மாச இ.எம்.ஐ.ல தர்றாங்க. போலாமா?"

நான் ரெண்டு விஷயம் சொன்னேன். ஒண்ணு, இ.எம்.ஐ. போட்டு டூர் போகாதீங்க. ரெண்டாவது, இது தேவை இல்ல, வெறும் ஆசை. அந்த 45,000-ஐ இண்டெக்ஸ் ஃபண்ட்ல போட்டா 12 சதவீதக் கணக்குல 25 வருஷத்துல ஏழரை லட்சத்துக்கு மேல ஆகும். "பனி எங்கயும் போயிடாது தம்பி, 35 வயசுக்கு மேல நிம்மதியா போய்ப் பாருங்க"னு சிரிச்சுக்கிட்டே சொல்லி அடுத்த கேள்விக்குப் போயிட்டேன். அந்தத் துண்டை மட்டும் வெட்டி ஷார்ட்ஸா போட்டோம், நல்லா ஓடுச்சு.

போன வாரம் அதே தம்பி ஒரு மெயில் அனுப்பியிருந்தார். கேட்டது பி.எஃப். பத்தி. நடுவுல ஒரு வரி: "நீங்க சொன்ன மாதிரியே 45,000-ஐ ஃபண்ட்ல போட்டேன் அண்ணா, நல்லா வளர்ந்திருக்கு. அடுத்த வைகாசியில கல்யாணம். பனிக்கு இன்னும் ஆறு வருஷம் இருக்குல்ல." கூடவே ஒரு சிரிப்பு பொம்மை.

அந்த வரியைப் படிச்சதுல இருந்து மனசு சரியில்ல. முதல் பதில்ல இன்னிக்கும் உறுதியா இருக்கேன். ரெண்டாவதை வாபஸ் வாங்கிக்கிறேன். ஏன்னு இங்க எழுதுறேன், இது வீடியோவுக்குள்ள அடங்காது.

மொதல்ல அந்த ஏழரை லட்சம். கணக்கு தப்பில்ல. 12 சதவீதத்துல 25 வருஷம்னா பணம் கிட்டத்தட்ட 17 மடங்கு ஆகும். ஆனா விலைவாசி வருஷத்துக்கு 6 சதவீதம் ஏறுதுன்னு வச்சுக்கிட்டா, 25 வருஷம் கழிச்சு வர்ற ஏழரை லட்சம் இன்னிக்கு மதிப்புல ஏறக்குறைய 1,78,000. இதை நான் வீடியோல சொல்லல. இ.எம்.ஐ. போடுற கம்பெனிக்காரன் சின்ன எழுத்துல வட்டியை ஒளிக்கிறான்னு மாசாமாசம் திட்டுற நானே, பெரிய நம்பரைக் காட்டி பணவீக்கத்தை ஒளிச்சிருக்கேன். 51 வயசுல ஒரு 1,78,000-க்காக 26 வயசு ஆளோட ஆசையை ஓரமா வைக்கச் சொல்றது அவ்வளவு பெரிய புத்திசாலித்தனமா? எனக்கு இப்போ சந்தேகமா இருக்கு.

இ.எம்.ஐ. விஷயம் வேற. 45,000-க்கு 24 சதவீத வட்டி, 12 மாசம்னா மாசம் 4,255 கட்டணும். மொத்தம் 51,060. ப்ராசஸிங் ஃபீஸ் 2 சதவீதம், அதுக்கு ஜி.எஸ்.டி. சேர்த்தா இன்னும் 1,062. ஆக 7,100 ரூபாய் அதிகம். இதையே போறதுக்கு முன்னாடி மாசம் 3,750 ஆர்.டி.ல போட்டா, 6.5 சதவீதத்துல 12 மாசம் கழிச்சு 46,500-க்கு மேல கையில இருக்கும். ரெண்டுக்கும் நடுவுல வித்தியாசம் 8,700. ரெண்டு நாள் டாக்ஸி, தெர்மல், கையுறை எல்லாம் அந்த 8,700-க்குள்ள வந்துடும். ஊருக்குத் திரும்பி வந்து சட்டையில குளிர் போனதுக்கப்புறம் பத்து மாசம் தவணை கட்டுறதுல இருக்குற எரிச்சல் தனி. "நோ காஸ்ட்"னு போட்டிருந்தாலும் ப்ராசஸிங் ஃபீஸையும், முழுப் பணமும் ஒரே தடவை கட்டினா எவ்வளவு தள்ளுபடின்னும் கேட்டுப் பாருங்க. காஸ்ட் எங்க இருக்குன்னு தெரிஞ்சிடும்.

சரி, "பனி எங்கயும் போயிடாது"க்கு வர்றேன். இது என் அப்பா கதை.

எங்க ஊர் தூத்துக்குடி. அப்பா நாப்பது வருஷம் ஐஸ் கம்பெனியில வேலை பார்த்தவர். மீன்பிடித் துறைமுகத்துக்குப் போற ஐஸ். உப்புத்தண்ணித் தொட்டிக்குள்ள வரிசையா கேன் இறங்கியிருக்கும், உள்ள நல்ல தண்ணி. அது உறைஞ்சதும் செயின் போட்டுத் தூக்கி, பாரை வழுக்கி விடுவாங்க. கிரஷர்ல போட்டு நொறுக்கி போட்டுக்கு ஏத்துவாங்க. கம்ப்ரஸர் சத்தம், கிரஷர் சத்தம், அமோனியா நெடி. வீட்டுக்கு வந்தாலும் சத்தமாத்தான் பேசுவார், காது அப்படி ஆயிடுச்சு.

நாப்பது வருஷம் ஐஸுக்குள்ள கிடந்த மனுஷனுக்கு பனி பாக்கணும்னு ஆசை. 'அன்பே வா' பார்த்ததுல இருந்தாம். 1966-ல வந்த படம், சிம்லாவுல எடுத்தது. டூரிங் டாக்கீஸ்ல மண்ணுல உக்காந்து பார்த்திருக்கார். ஐஸ் பாரை வெளிச்சத்துல பிடிச்சா ஓரம் கண்ணாடி மாதிரி இருக்கும், நடுவுல மட்டும் வெள்ளையா இருக்கும், காத்து மாட்டிக்கிட்டதால. அதைக் காட்டி ஒரு தடவை சொன்னார்: "ஏலே, இந்த நடுவுல இருக்கு பாரு வெள்ளை, அது ஊரு பூரா விழுந்து கிடந்தா எப்படி இருக்கும்!" அவர் சொன்னது சரிதான்னு பின்னாடி படிச்சுத் தெரிஞ்சுக்கிட்டேன். பனி வெள்ளையா தெரியறதுக்கும் காரணம் இதே மாதிரிதான். துகளுக்கு நடுவுல நிறைய காத்து, வெளிச்சம் எல்லாப் பக்கமும் சிதறிடுது.

நம்ம மொழியிலயே ஒரு சிக்கல் இருக்கு. பனின்னா நமக்கு மார்கழி மாசம் காதை மூடிக்கிற பனி. புல் மேல இருக்குறதும் பனி, ஹைவேஸ்ல லாரி தெரியாம மறைக்கிறதும் பனி. வருஷத்துல முன்பனி, பின்பனின்னு ரெண்டு பருவமே வச்சிருக்கோம், ரெண்டுலயும் வானத்துல இருந்து வெள்ளையா எதுவும் விழாது. டிசம்பர், ஜனவரியில ஊட்டி தலைகுந்தா பக்கம் புல்வெளி வெள்ளையான போட்டோ பேப்பர்ல வரும், "மினி காஷ்மீர்"னு. அது உறைபனி. ராத்திரி விழுந்த ஈரம் புல்லு மேல உறையறது, வெயில் வந்ததும் கரைஞ்சிடும். அழகுதான், காலையில அஞ்சரைக்கு எழுந்திருச்சா பாக்கலாம். ஆனா அது விழாது. அப்பா கேட்டது விழற பனி.

2019-ல வேலையை விட்டு நின்னார். பி.எஃப். பணம் வந்துச்சு. "ஒரு தடவை வடக்க போயிட்டு வரலாமாய்யா"ன்னு கேட்டார். நான் அப்போதான் ஃப்ளாட் வாங்கியிருந்தேன். போனஸ் வரும்போதெல்லாம் ஹோம் லோன்ல பார்ட் பேமென்ட் கட்டுறது எனக்கு ஒரு வெறி. "அடுத்த வருஷம் பாத்துக்கலாம்ப்பா"ன்னேன். அந்த மாசம் 60,000 லோன்ல கட்டினேன். அந்த ஸ்க்ரீன்ஷாட்டை ஒரு வீடியோல பெருமையா காட்டியும் இருக்கேன், பழைய ஆளுங்களுக்கு ஞாபகம் இருக்கும்.

அடுத்த வருஷம் 2020. அதைப் பத்தி சொல்ல வேண்டியதில்ல. 2021-ல அப்பாவுக்கு கொரோனா வந்துச்சு. பொழைச்சு வந்துட்டார், மாடிப்படி ஏறினா மட்டும் மூச்சு வாங்கும். வயசாயிடுச்சுன்னு நாங்களே ஒரு காரணம் சொல்லிக்கிட்டோம். ரெண்டு வருஷம் முன்னாடிதான் நிஜமாவே போலாம்னு முடிவு பண்ணி, டிக்கெட் போடறதுக்கு முன்னாடி ஒரு நுரையீரல் டாக்டர்கிட்ட காட்டினோம். ஸ்கேனைப் பார்த்துட்டு அவர் நிதானமா சொன்னார்: நுரையீரல்ல தழும்பு இருக்கு, நம்ம ஊர்ல நடமாடலாம், உயரமான இடத்துக்கும் கடுமையான குளிருக்கும் கூட்டிட்டுப் போகாதீங்க.

வெளிய வந்து அப்பா ஒண்ணும் பேசல. ஆட்டோவுல ஏறினதுக்கப்புறம், "சரி விடுய்யா. அம்மையைக் கூட்டிட்டுப் போ, அவளும் பாக்கல"ன்னார்.

பனி எங்கயும் போகல. அப்பாவாலதான் அங்க போக முடியல. என் ஹோம் லோன் ஷீட்ல அந்த 60,000 மிச்சம் பண்ணிக் கொடுத்த வட்டி எவ்வளவுன்னு பைசா சுத்தமா தெரியும். இன்னொரு பக்கத்துல என்ன எழுதணும்னு எனக்குத் தெரியல, அதனால எழுதவே இல்ல.

சரி, பனியாவது அங்கேயே இருக்குமான்னு பார்த்தா, அதுவும் இல்ல. 2024 ஜனவரியில குல்மார்க் காய்ஞ்ச புல்லா இருந்துச்சு, நியூஸ்ல பார்த்திருப்பீங்க. காஷ்மீர்ல டிசம்பர் 21-ல இருந்து 40 நாளை சில்லாய் கலான்னு சொல்வாங்க, குளிரோட உச்சம். அந்த வருஷம் அதுல பெரும்பகுதி பனியே இல்லாம போயிடுச்சு, மாசக் கடைசியிலதான் விழ ஆரம்பிச்சது. 2025 பிப்ரவரியில குல்மார்க்ல நடக்க வேண்டிய கேலோ இந்தியா குளிர்கால விளையாட்டுப் போட்டியை பனி பத்தலன்னு தள்ளி வச்சு மார்ச்ல நடத்தினாங்க. மத்தியதரைக் கடல் பக்கத்துல இருந்து வர்ற மேற்கத்திய இடையூறுன்னு சொல்ற காத்தழுத்தம்தான் நம்ம இமயமலைக்கு பனியைக் கொண்டு வருது. அது எப்போ வரும்னு ஆறு மாசம் முன்னாடி புக் பண்ற பேக்கேஜுக்குத் தெரியாது.

இதனாலதான் பேக்கேஜ் பத்தி எனக்கு ஒரு கருத்து உண்டு. அஞ்சு நாள்ல நாலு ஊர் காட்டுற டூர்ல பனிக்குன்னு ஒதுக்கறது ஒரு பகல். அன்னிக்கு ரோடு மூடினா, அவ்வளவுதான். முதல் தடவை பனி பாக்கப் போறவங்க ஒரே ஊர்ல அஞ்சு ராத்திரி தங்கறதுதான் நல்லதுன்னு நான் நினைக்கிறேன். சுத்திப் பாக்குற இடம் கம்மியாகும், ஆனா வந்த காரியம் நடக்கும்.

போன வருஷம் பிப்ரவரியில அம்மாவை மணாலி கூட்டிட்டுப் போனேன். ஏன் மணாலின்னா, ஊர் உயரம் கிட்டத்தட்ட 2,050 மீட்டர், ஊட்டியை விட கொஞ்சம் கம்மி. அம்மாவுக்கு பி.பி. இருக்கு, டாக்டர் சரின்னார். அங்க இருந்து அடல் சுரங்கப்பாதை வழியா அந்தப் பக்கம் போனா லாஹூல்ல சிஸ்ஸுன்னு ஒரு ஊர், சுமார் 3,100 மீட்டர். சுரங்கம் 9 கிலோமீட்டர், 2020 அக்டோபர்ல திறந்தது. அதுக்கு முன்னாடி ரோத்தாங் கணவாய் ஏறித்தான் போகணும், குளிர்காலத்துல அது மூடிடும். இப்போ குளிர்காலத்துலயும் அந்தப் பக்கம் போக முடியுதுன்னா சுரங்கத்தாலதான்.

செலவைச் சொல்லிடறேன், இதுக்குத்தானே வர்றீங்க. ரெண்டு பேருக்கும் சேர்த்து: சென்னை–டெல்லி ரயில் 3 ஏ.சி. போக வர 8,600. டெல்லி–மணாலி வால்வோ பஸ் போக வர 6,000. மணாலி ரூம் அஞ்சு ராத்திரி 10,000. டெல்லியில ரயிலுக்கும் பஸ்ஸுக்கும் நடுவுல குளிச்சு ரெஸ்ட் எடுக்க ரெண்டு தடவை பகல் ரூம் 2,200. டாக்ஸி ரெண்டு நாள் 7,000. பனி பூட்ஸும் கோட்டும் வாடகை ரெண்டு நாள் 1,600. தெர்மல், கம்பளி சாக்ஸ், கையுறை வாங்கினது 4,200. பன்னெண்டு நாள் சாப்பாடு 9,600. மாத்திரை, டீ, சில்லறை 2,000. மொத்தம் 51,200. லீவு ஏழு நாள் போச்சு, ரெண்டு வாரக் கடைசியை நடுவுல சேர்த்துக்கிட்டேன். பூட்ஸும் கோட்டும் தயவு செஞ்சு விலைக்கு வாங்காதீங்க, தூத்துக்குடியில அதை எங்க போடப் போறீங்க?

விமானத்துல போனா செலவு ஏறும், லீவு குறையும். எது உங்ககிட்ட கம்மியா இருக்கோ அதைப் பார்த்து முடிவு பண்ணுங்க. ரயில் டிக்கெட் இப்போ 60 நாள் முன்னாடிதான் ஓப்பன் ஆகுது, முன்ன மாதிரி 120 நாள் இல்ல.

மணாலி போய் இறங்கின அன்னிக்கு மழை. மறுநாள் மேல பனி கொட்டுதுன்னு ரோட்டை மூடிட்டாங்க. ரெண்டு நாள் ரூம்லயே உக்காந்து ஜன்னல் வழியா மழையைப் பார்த்தோம். "மழை பாக்கவா இவ்வளவு தூரம் வந்தோம், நம்ம ஊர்லயும்தான் ஐப்பசியில பெய்யுது"ன்னு அம்மா. எனக்கு உள்ளுக்குள்ள 51,200 ஓடிக்கிட்டு இருந்துச்சு. மூணாவது நாள் ரோடு திறந்தாங்க, நாலு சக்கரமும் இழுக்கற வண்டியை மட்டும் விட்டாங்க. சுரங்கத்துக்குள்ள நுழையும்போது மலையில அங்கங்க பாறையும் மரமும் தெரிஞ்சது. பத்து பன்னெண்டு நிமிஷம் மஞ்சள் லைட்டு. வெளிய வந்தா வெள்ளை. வேற கலரே இல்ல. அம்மா என் கையைப் பிடிச்சுக்கிட்டாங்க, ஒண்ணும் சொல்லல.

சிஸ்ஸுல இறங்கி நின்னோம். கொஞ்ச நேரத்துல மறுபடியும் விழ ஆரம்பிச்சது. மழை மாதிரி வேகமா விழும்னு நினைச்சிருந்தேன். அப்படி இல்ல, விழலாமா வேணாமான்னு யோசிச்சுக்கிட்டே வர்ற மாதிரி இருக்கு. அம்மா சேலை மேல கோட்டு, அதுக்கு மேல பூட்ஸ். கையுறையைக் கழட்டிட்டு ஒரு பிடி அள்ளி வாயில வச்சுப் பார்த்தாங்க. "உப்பில்ல"ன்னாங்க. ஐஸ் கம்பெனிக்காரர் வீட்டம்மா, வேற எதைப் பார்ப்பாங்க!

அப்பாவுக்கு வீடியோ கால் போட்டோம். படம் விட்டு விட்டு வந்துச்சு. அப்பா படத்தைப் பத்திக் கேக்கவே இல்ல. "சத்தம் எப்படி இருக்கு?"ன்னார். அம்மா போனை உயர்த்திப் பிடிச்சு, "சத்தமே இல்லைங்க"ன்னாங்க. நிஜமாவே இல்ல. புதுசா விழுந்த பனி சத்தத்தை உறிஞ்சிடும்னு படிச்சிருக்கேன், ஆனா நிக்கும்போது அது காதுல வேற மாதிரி தெரியுது. அப்பா கொஞ்ச நேரம் லைன்லயே இருந்தார். அப்புறம், "இவ்வளவும் சும்மா கிடக்கு, நாங்க கரண்ட் பில்லு கட்டி செஞ்சோம்"னு சொல்லிட்டு சிரிச்சார், இருமல் வந்துச்சு, வச்சுட்டார்.

இப்போ, இதைப் படிக்கிற எல்லாரும் நாளைக்கே கிளம்பணுமா? இல்ல. கிரெடிட் கார்டுல மினிமம் மட்டும் கட்டிட்டு வர்றீங்கன்னா, மாசம் 3.5 சதவீதம், வருஷத்துக்கு 42 சதவீதம் ஓடிக்கிட்டிருக்கு. மொதல்ல அதை முடிங்க. மூணு மாசச் செலவாவது எமர்ஜென்சி ஃபண்டா இருக்கணும், வீட்ல எல்லாருக்கும் ஹெல்த் இன்ஷூரன்ஸ் இருக்கணும். இதுல எனக்கு மாற்றம் இல்ல. ஆனா இது மூணும் இருந்தா, அதுக்கு அடுத்த வரியில பனியை எழுதலாம். கார் டவுன் பேமென்டுக்கு முன்னாடியே எழுதலாம்னு சொல்றேன். கார் அஞ்சு வருஷம் கழிச்சும் ஷோரூம்ல இருக்கும், இன்னும் நல்ல மாடலாவே இருக்கும். உங்க அப்பாவோட நுரையீரல், அம்மாவோட முட்டி, உங்களுக்கு ஏழு நாள் லீவு தர்ற இந்த மேனேஜர், இதெல்லாம் அப்படி இல்ல. நம்ம கோல் ஷீட்ல "எவ்வளவு"ன்னு ஒரு காலம் இருக்கு, "எப்போ"ன்னு ஒரு காலம் இருக்கு. "எதுவரைக்கும் முடியும்"னு ஒரு காலம் நான் வைக்கல. இப்போ சேர்த்துட்டேன்.

"அண்ணா, எல்லா ஆசைக்கும் இதையே சொல்லலாமே"ன்னு கேப்பீங்க. கேக்கணும். என்கிட்ட பெரிய பதில் இல்ல. நானா ஒண்ணு கேட்டுப் பாப்பேன்: போனை ரூம்லயே வச்சிட்டுத்தான் போகணும்னா, அப்பவும் போவீங்களா? எங்க அம்மா வச்சிருக்கறது பட்டன் போன்தான். ஆபீஸ்ல நாலு பேர் போயிட்டு வந்து ஸ்டேட்டஸ் போட்டதால வந்த ஆசைன்னா, ஆறு மாசம் ஆர்.டி. கட்டறதுக்குள்ள அது தானா அடங்கிடும். அடங்கினா நல்லது, ஆர்.டி. பணம் கையில இருக்கு. அடங்கலன்னா போங்க.

வேற சில விஷயம், வேகமா சொல்லிடறேன். பழைய வரி முறையில இருக்குறவங்க எல்.டி.ஏ. பாருங்க. நாலு வருஷ பிளாக்ல ரெண்டு பயணத்துக்கு வரிவிலக்கு உண்டு. இந்தியாவுக்குள்ள மட்டும், டிக்கெட் செலவுக்கு மட்டும், ரூமும் சாப்பாடும் சேராது. உங்களைச் சார்ந்திருக்கற அப்பா அம்மா டிக்கெட்டும் சேரும். புது வரி முறைன்னா இது கிடையாது. காஷ்மீர் போறவங்களுக்கு: நம்ம ஊர் பிரீபெய்டு சிம் அங்க வேலை செய்யாது, போஸ்ட்பெய்டு ஒண்ணு வேணும். குல்மார்க் ஸ்ரீநகர்ல இருந்து சுமார் 50 கிலோமீட்டர். பனி அதிகமா இருந்தா டங்மார்க்ல செயின் போட்ட வண்டிக்கு மாத்துவாங்க, அதுக்குத் தனிக் காசு. ரோப் கார் ரெண்டு கட்டம், ரெண்டாவது கட்டம் கிட்டத்தட்ட 4,000 மீட்டர் உயரத்துக்குப் போகும். வயசானவங்களை முதல் கட்டத்தோட நிறுத்துங்க, பனி அங்கயும் இருக்கு. சிக்கிம்ல காங்டாக்ல இருந்து சோம்கோ ஏரி 3,753 மீட்டர், நாதுலா 4,310 மீட்டர். சில மணி நேரத்துல அவ்வளவு உயரம் ஏறறது எல்லார் உடம்புக்கும் ஒத்துக்காது, அனுமதியும் முன்னாடியே வாங்கணும். எங்க போனாலும் கறுப்புக் கண்ணாடியும் சன் ஸ்க்ரீனும் எடுத்துட்டுப் போங்க. புதுப் பனி வெயிலைத் திருப்பி மூஞ்சிலயே அடிக்கும். நாப்பது வருஷ தூத்துக்குடி வெயில்ல தோல் உரியாத எங்க அம்மா மூக்கு சிஸ்ஸுல ரெண்டு மணி நேரத்துல உரிஞ்சுடுச்சு.

மாசம்னு கேட்டா, கிறிஸ்துமஸ்–நியூ இயர் வாரத்தை விட்டுடுங்க. ரூம் விலை அப்போதான் உச்சம், பனிக்கு உத்தரவாதமும் இல்ல. ஜனவரி கடைசியில இருந்து பிப்ரவரி முடியறதுக்குள்ள போறதுதான் என் விருப்பம். ரூமை கேன்சல் பண்ண முடியற மாதிரி புக் பண்ணுங்க, நூறு இருநூறு அதிகமானாலும் பரவாயில்ல.

இப்போ தம்பிக்கு. அந்த 45,000 எதுக்காக வச்சிருந்த பணம்னு உங்களுக்குத் தெரியும், எனக்கும் தெரியும். அதுல இருந்து ஒரு 30,000 எடுங்க, ஒரு ஆளுக்கு மணாலி தாராளமா போதும். ஒரு வருஷம் தாண்டின ஈக்விட்டி ஃபண்ட், லாபம் 1.25 லட்சத்துக்கு ரொம்ப கீழ, அதனால வரி வராது. மிச்சம் அப்படியே கிடக்கட்டும், வளரட்டும். கல்யாணம் வைகாசியில, அதுக்கு முன்னாடி ஒரு பிப்ரவரி இருக்கு. வீட்ல யாரையாவது கூட்டிட்டுப் போறதா இருந்தா ஆர்.டி. இந்த மாசமே ஆரம்பிங்க. ஜனவரி கடைசி வாரம் கிளம்பறதுன்னா டெல்லி டிக்கெட் நவம்பர் கடைசி வாரம் காலையில எட்டு மணிக்கு ஓப்பன் ஆகும். அலாரம் வச்சுக்குங்க, 3 ஏ.சி. சீக்கிரம் போயிடும்.